களஞ்சியத்தின் பதிப்பு மேசை: தமிழ் வளர்ச்சிக் கழகம் ஆய்வறிவைப் பொதுவாசகரிடம் சேர்த்த முறை

ஆய்வுச் சுருக்கம்

1946இல் நிறுவப்பெற்ற தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. துறை வல்லுநரின் அறிவு பொதுவாசகரின் கைக்கு வந்துசேர்வதற்கு இடையில் நிகழ்ந்த பதிப்புப் பணியை இக்கட்டுரை விளக்குகிறது. தலைப்புத் தெரிவு, மொழிபெயர்ப்பு, கலைச்சொல் முடிவு ஆகியவற்றின் இயல்பும், அப்பணி தொடராதபோது களஞ்சியம் பழமையுற்ற விதமும், இன்றைய பல்கலைக்கழக மதிப்பீட்டில் இத்தகைய எழுத்துக்குரிய இடமும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தமிழ் வளர்ச்சிக் கழகம், கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரன், கலைச்சொல், பொதுவாசகர்

முன்னுரை

கற்றோர் அவைகள் தம் ஆய்வை முதலில் தமக்குள்ளேயே பகிர்ந்துகொண்டன. இலண்டனில் 1660இல் தோன்றிய அரச கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க், 1665இல் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதன் வாசகரிற் பலர் தாமும் சோதனை செய்பவர்கள் அல்லது அச்சோதனைகளைப் பின்தொடரும் ஓய்வும் கல்வியும் உடையவர்கள். பொதுவாசகருக்கான அறிவுத் தொகுப்பு வேறு வழியில் பிறந்தது. பாரிசில் திதரோவும் தலம்பேரும் 1751 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியமும், எடின்பரோவில் 1768–1771 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த பிரித்தானிக்காவும் அச்சகத்தாரும் நூல் வணிகரும் இட்ட முதலில் உருவானவை. விலை கொடுத்து வாங்குவோர் போதிய தொகையினர் உள்ளனர் என்ற கணக்கே அவற்றின் அடித்தளம்.

இந்திய மொழிகளில் இக்கணக்கு எளிதில் செல்லவில்லை. தனிமனிதர் சிலர் தம் வாழ்நாளை ஈடுவைத்து இப்பணியை மேற்கொண்டனர். வங்காளத்தில் நகேந்திரநாத் வசு 22 தொகுதிகளில் ‘விசுவகோசம்’ கண்டார். மராத்தியில் ஸ்ரீதர் வெங்கடேச கேத்கர் 1920களில் 23 தொகுதிகளில் ‘மகாராஷ்டிரீய ஞானகோசம்’ வெளியிட்டார். தெலுங்கில் கொமர்ராஜு லட்சுமண ராவ் தொடங்கிய களஞ்சியம் 1923இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. ஒருவரை நம்பிய பணி அவரோடு முடிந்துவிடும் இடர் அதில் வெளிப்படை.

தமிழில் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இலும் வெளிவந்தன. பின்னையது அச்சேற மதுரைத் தமிழ்ச் சங்கமும் பாண்டித்துரைத் தேவரும் துணைநின்றமை, தமிழில் கற்றோர் அவை ஒன்று இத்துறையில் கைகொடுத்த முதல் நிகழ்வுகளுள் ஒன்றாகும். இலக்கியம், புராணம், சமயம், மரபு ஆகியவற்றின் பெயர்களுக்கு விளக்கம் தருவதே அவ்விரு நூல்களின் முதன்மை நோக்கம். அணு, நுண்ணுயிர், நாணய மாற்று, அரசியலமைப்பு முதலியவற்றைத் தமிழில் தேடும் வாசகர் அவற்றில் நிறைவடைய இயலாது. அத்தகைய வாசகர் பெருகிவந்த காலத்தில்தான் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது.

கழகத்தின் தோற்றமும் அதன் தெரிவும்

சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை பொறுப்பு வகித்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1946இல் கழகம் நிறுவப்பெற்றது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்றிவந்த காலம் அது. கல்லூரிக் கல்வியோ முற்றிலும் ஆங்கிலத்தில் இருந்தது; கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனை முறையில் தொடங்கியதே 1960இல்தான். பள்ளியில் தமிழில் அறிவியல் பயின்ற மாணவர், அதற்கு மேல் தமிழில் படிக்க நூலின்றி நின்றார். அவருடைய ஆசிரியர் நிலையும் அதுவே.

ஆண்டு விழாக்கள், சிறந்த நூல்களுக்குப் பரிசு என்பன கழகம் மேற்கொண்ட பிற பணிகள். இவை எந்த அவையும் செய்யக்கூடியவை. பரிசு வழங்கும் அவை, பிறர் எழுதி முடித்ததைப் பாராட்டுகிறது; எழுதப்படாத ஒன்றை எழுதுவிக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. கலைக்களஞ்சியத்தை எடுத்துக்கொண்டதன் மூலம் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. அரசு மானியமும் தனியார் நன்கொடையும் திரட்டப்பட்டன. அமைச்சர் பதவியிலிருந்து அவினாசிலிங்கம் விலகிய பின்னரும் பணி தொடர்ந்தது என்பது, இதனை ஓர் ஆட்சியின் திட்டமாக மட்டும் கருத இயலாது என்பதற்குச் சான்று.

முதன்மைப் பதிப்பாசிரியராக ம. ப. பெரியசாமித் தூரன் அமர்த்தப்பட்டார். இத்தெரிவு கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி ஆற்றியவர். கீர்த்தனைகள் இயற்றியவர், குழந்தை உளவியல் பற்றித் தமிழில் எழுதியவர், பாரதியின் நூலுருப் பெறாத எழுத்துகளைத் திரட்டிப் ‘பாரதி தமிழ்’ என்னும் தொகுப்பைப் பதிப்பித்தவர். ஒரு துறையில் ஆழ்ந்த புலமையினும், பல துறைகளை மாணவர்க்குச் சொல்லிப் பழகிய கையையே கழகம் நாடியது. வகுப்பறையில் நின்றவருக்கு, கேட்பவர் எங்கே வழிதவறுவார் என்பது தெரியும். களஞ்சியப் பதிப்பாசிரியருக்கு வேண்டிய முதல் தகுதியும் அதுவே.

கட்டுரை உருவான வழி

களஞ்சியத்தின் அலுவலகம் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கியது. முதல் தொகுதி 1954இலும் ஒன்பதாம் தொகுதி 1963இலும் வெளிவந்தன. இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. கட்டுரை அளித்தோர் ஏறத்தாழ 1,200 பேர். இவ்வெண்ணிக்கை அடிக்கடி பெருமையுடன் எடுத்துரைக்கப்படுகிறது. ஆயிரத்திருநூறு பேரின் கைப்படி ஒரு மேசைக்கு வந்து சேரும்போது அங்கே நிகழ வேண்டிய வேலை யாது என்பது அதே அளவுக்கு எண்ணப்படுவதில்லை.

துறை வல்லுநரிற் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கற்றவர், ஆங்கிலத்தில் கற்பித்தவர், தம் துறை பற்றித் தமிழில் ஒரு பக்கமும் எழுதும் வாய்ப்புப் பெறாதவர். எனவே பல கட்டுரைகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுப் பதிப்புக் குழுவினரால் தமிழாக்கப்பட்டன. இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். ஆயினும் தமிழில் எழுதத் தெரிந்தவரை மட்டுமே நாடியிருந்தால் பல தலைப்புகளுக்கு வல்லுநர் கிடைத்திரார். வல்லுநரை மட்டும் நாடி மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாது விட்டிருந்தால் கட்டுரை தமிழுக்கு வந்திராது. இரண்டையும் பிரித்து, அறிவை ஒருவரிடமும் நடையை மற்றொருவரிடமும் பெற்று, இணைக்கும் பொறுப்பை ஊதியம் பெறும் குழு ஒன்றிடம் ஒப்படைத்ததே கழகம் செய்த முதன்மையான ஏற்பாடு.

கட்டுரையின் அடியில் அதனை அளித்தவரின் பெயர் முதலெழுத்துகளாகக் குறிக்கப்பெற்றது. பதிப்புக் குழுவினரின் பெயர்கள் தொகுதியின் முன்பகுதியில் நிற்கின்றன. எக்கட்டுரையில் எவர் கை எவ்வளவு என்பதை வாசகர் அறிய வழியில்லை. ஆராய்ச்சியை மக்களிடம் சேர்க்கும் பணி எங்கும் இவ்வாறு பெயரின்றியே நடைபெறுகிறது. அதன் விளைவைப் பின்னர்க் காணலாம்.

மொழிபெயர்ப்புக்கும் முன்பே வருவது தலைப்பு. எப்பொருளை எப்பெயரில் வாசகர் தேடுவார் என்பதைப் பதிப்பாசிரியர் ஊகித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு இச்சிக்கல் இல்லை. அவர் தாவரத்தை இலத்தீன் பெயரால் குறித்துவிட்டு மேலே செல்வார். களஞ்சியம் தமிழ்ப்பெயரில் தொடங்க வேண்டும். தமிழ்ப்பெயரோ ஊருக்கு ஊர் மாறும். தமிழகத்தின் ஒரு பகுதியில் ‘பூசணி’ என்றால் மஞ்சள் நிறச் சதையுடைய காய். மற்றொரு பகுதியில் அதன் பெயர் ‘பரங்கி’, பூசணி என்பது சாம்பல் பூத்த வெண்காய். அவ்வெண்காயை ஈழத்தார் ‘நீற்றுப்பூசணி’ என்பர். தமிழகத்துப் ‘பப்பாளி’ யாழ்ப்பாணத்தில் ‘பப்பாசி’. தாவரவியலார் ஐயமின்றி இரு பேரினங்களாகப் பிரித்துவைத்த காய்களைத் தமிழ் வழக்கு ஒரே பெயரில் அடக்குகிறது. ஒரு பெயரைத் தலைப்பாக்கி மற்றவற்றை அதற்கு ஆற்றுப்படுத்தும் குறிப்புகளாக அமைக்க வேண்டுமாயின், வகைப்பாட்டியலும் வட்டார வழக்கும் ஒருங்கே தெரிந்திருத்தல் வேண்டும். இம்முடிவுகள் எந்த ஆய்விதழிலும் கட்டுரையாக வெளிவருவதில்லை; ஆயினும் இவை ஆராய்ச்சியே.

சொல்லும் சார்பும்

கலைச்சொல் முடிவில் அறிவுச் சிக்கலோடு அரசியலும் கலந்தது. ஒரு வாயுவுக்குத் தமிழில் பிராணவாயு, உயிர்வளி, உயிரகம், ஆக்சிஜன் என நான்கு பெயர்கள் வழங்கின. இலங்கைப் பாடநூல்கள் ‘ஒட்சிசன்’ என எழுதின. முதற்சொல் வடமொழி வழியது. அடுத்த இரண்டும் தனித்தமிழ் ஆக்கங்கள். ஏனையவை ஒலிபெயர்ப்புகள். ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒருவர் இவற்றுள் தாம் விரும்பியதை எடுத்துக்கொண்டு முதல் அடிக்குறிப்பில் விளக்கம் தந்துவிடலாம். களஞ்சியத்துக்கு அவ்வுரிமை இல்லை. வேதியியல், மருத்துவம், நிலவியல் என எத்துறைக் கட்டுரையில் அப்பொருள் வந்தாலும் ஒரே சொல்லே ஆளப்பட வேண்டும். ஆயிரத்திருநூறு பேரும் தத்தம் சொல்லை ஆண்டிருந்தால் நூல் தன்னோடு தானே முரண்பட்டிருக்கும்.

1950களின் தமிழகக் கல்வித்துறை வழக்கில் இயற்பியல் ‘பௌதிகம்’ எனவும் வேதியியல் ‘ரசாயனம்’ எனவும் பெயர் பெற்றிருந்தன. பள்ளி மாணவருக்கு அறிமுகமான சொல்லைத் தவிர்த்துத் தூய சொல்லை ஆள்வது, வாயிலில் நிற்கும் வாசகரையே திருப்பி அனுப்புவதாகும். வழக்கிலுள்ள சொல்லை அப்படியே ஏற்பது, மொழி தன் வேரிலிருந்து சொல் ஆக்கும் ஆற்றலைக் கைவிடுவதாகும் எனத் தனித்தமிழ் அறிஞர் வாதிட்டனர். இருபாலும் நியாயம் உண்டு. அடுத்த தலைமுறையில் இயற்பியலும் வேதியியலும் முழுமையாக நிலைபெற்றதை நோக்க, பின்னவர் வாதத்துக்குக் காலம் துணைநின்றது எனலாம். உயிர்வளி என்பதோ பாடநூல்களில் ஆக்சிஜனை வெல்லவில்லை. எச்சொல் நிற்கும் என்பதை எந்த அவையாலும் முன்கூட்டி அறிய முடிவதில்லை. ஆயினும் அச்சுக்கு அனுப்பும் நாளில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இந்த இக்கட்டு, வாசகருக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் நிற்பவருக்கே உரியது.

அகரவரிசையும் காலமும்

அகரவரிசைப்படி தொகுதி தொகுதியாக வெளிவரும் நூலில் ஒரு விந்தை நிகழ்கிறது. ஒரு பொருள் எந்த ஆண்டின் அறிவோடு அச்சாகிறது என்பதை அதன் முதலெழுத்தே முடிவு செய்கிறது. ‘அணு’ எனத் தேடுபவருக்குக் கிடைப்பது 1950களின் தொடக்கத்து அறிவு. வகர வரிசையில் தேடுபவருக்கு 1960களின் தொடக்கத்து அறிவு கிட்டும். இவ்விரண்டுக்கும் இடையில் 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி மாற்றியமைக்கப்பட்டன. 1957இல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1961இல் மனிதர் விண்வெளியை அடைந்தார். ஆகார வரிசையிலுள்ள ஆந்திரம் பழைய எல்லைகளோடு நிற்க, பின்வரும் எழுத்துகளுக்குரிய மாநிலங்கள் புதிய எல்லைகளோடு நிற்க வேண்டிய நிலை இதனால் விளைந்தது. 1968இன் இணைப்புத் தொகுதி இவ்விடைவெளியை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சி.

அதன்பின் திருத்திய பதிப்பு வெளிவரவில்லை. மரபுப்பொருளான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953இல் அறிவிக்கப்பட்டது. அதனை அடியாகக் கொண்ட உயிரியல் முழுவதும் களஞ்சியத்தின் காலத்தை அடுத்தே விரிந்தது. நிலத்தட்டுக் கொள்கை 1960களின் பிற்பகுதியில் ஏற்கப்பட்டது. தமிழாய்வுக்கு நெருங்கிய சான்று ஒன்று தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். குகைகளிலுள்ள அவ்வெழுத்துகளின் மொழி தமிழே என 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியிருந்தார். புகளூர்க் கல்வெட்டிலுள்ள சேர மன்னர் பெயர்களைப் பதிற்றுப்பத்தோடு பொருத்தி ஐராவதம் மகாதேவன் விளக்கியதோ 1960களின் நடுப்பகுதியில். ஒன்பதாம் தொகுதி அதற்குமுன் முற்றுப்பெற்றிருந்தது. சங்க காலக் கணிப்பில் அவ்விளக்கம் பெற்ற இடத்தை நோக்கும்போது, களஞ்சியத்தின் சங்ககாலச் செய்திகளை இன்று அப்படியே எடுத்தாளும் மாணவர் அரை நூற்றாண்டு ஆய்வைத் தாண்டிச் செல்கிறார் என்பது விளங்கும். கொடுமணல், பொருந்தல், கீழடி ஆகிய அகழாய்வுகள் அனைத்தும் அதற்கும் பிற்பட்டவை.

இங்குப் பிரித்தானிக்கா தரும் பாடம் வேறு. 1930களில் அந்நிறுவனம், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு என்னும் முறையைக் கைவிட்டு, ஆண்டுதோறும் சில பகுதிகளைத் திருத்தி அச்சிடும் தொடர் திருத்த முறைக்கு மாறியது. புதிய பதிப்பு முடிந்ததும் குழுவைக் கலைத்து, அடுத்த பதிப்புக்கு மீண்டும் தேடித் திரட்டுவதில் இழப்பு மிகுதி என்பதே அம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று. பதிப்பாசிரியர் குழு நிலைத்த அமைப்பாயிற்று. தமிழில் கலைக்களஞ்சியம் முற்றுப்பெற்றதும், கழகத்தின் குழு குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்குத் திரும்பியது. தூரனின் பொறுப்பில் 1968 முதல் 1976 வரை அதுவும் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பெரியோருக்கு எழுதியதைச் சிறார்க்கு மீண்டும் எழுதுதல் என்பது இரண்டாம் முறை நிகழும் தெளிவாக்கம்; முதல் களஞ்சியத்தில் கைவந்த பயிற்சி இதற்குப் பயன்பட்டிருக்க வேண்டும். பள்ளி நூலகங்களில் பெரிய களஞ்சியத்தினும் இதுவே மிகுதியாகக் கைபட்டது என்று கருதுவதற்கு இடமுண்டு. எனினும் முதல் நூலைத் திருத்தக் கை எஞ்சவில்லை.

1981இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், அறிவியல் களஞ்சியம் எனவும் வாழ்வியற் களஞ்சியம் எனவும் இரு வரிசைகளைப் பின்னர் வெளியிட்டது. கழகத்தின் களஞ்சியத்தைத் திருத்தாமல், புதிதாகத் தொடங்கும் வழியையே அதுவும் தேர்ந்தது. தமிழில் பெரும் பணிகள் தொடங்குவதற்குப் புரவலர் கிடைக்கின்றனர், திருத்துவதற்குக் கிடைப்பதில்லை. வெளியீட்டு விழா உண்டு, திருத்த விழா இல்லையன்றோ.

பேராசிரியரின் கணக்கில் களஞ்சியக் கட்டுரை

மேலே கூறிய பெயரின்மை இங்கு வந்து சேர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஆசிரியரின் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதன்படி, மொழி, மானுடவியல் துறைகளில் ஏற்புடைய இதழில் வரும் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். மொழிபெயர்த்த நூல் முழுமைக்கும் 8. மொழிபெயர்த்த இயலுக்கு 3. பொதுவாசகருக்கு எழுதும் விளக்கக் கட்டுரைக்கும் களஞ்சியப் பதிவுக்கும் தனி இடமே இல்லை. முந்நூறு பக்க நூலைத் தமிழாக்குவதினும் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று மேல் என்னும் இக்கணக்கின்படி நடப்பவரைக் குறைகூற இயலாது; பதவி உயர்வு அதனைச் சார்ந்தது. தம் துறையின் தலைப்பொன்றை எளிய தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதிக் கலைக்களஞ்சியத்துக்கு அனுப்பிய 1950களின் பேராசிரியர் இன்று பணியில் இருந்தால், அவ்விரண்டு பக்கத்துக்கும் அவர் பெறுவது ஒன்றுமில்லை. கழகம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் நிலை அதனினும் கீழ்.

ஆராய்ச்சியின் தரத்தைக் காக்க இத்தகைய பட்டியல் தேவை என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. துறை வல்லுநரின் மதிப்பீட்டுக்கு உட்படாத எழுத்துக்கு மதிப்பெண் அளித்தால், எளிமை என்ற பெயரில் எதுவும் நுழையலாம். ஆனால் களஞ்சியக் கட்டுரையும் மதிப்பீட்டுக்கு உட்பட்டதே. பதிப்புக் குழு வாசித்தது. ஐயம் எழுந்த இடத்தில் கட்டுரையாளரைக் கேட்டது. அளவு மிகுந்தால் குறைத்தது. மதிப்பீட்டாளரின் கேள்வி மட்டும் வேறு. ஆய்விதழ் ‘இது புதிதா, நிறுவப்பட்டதா’ எனக் கேட்கும். களஞ்சியம் ‘இது சரியா, படிப்பவருக்கு விளங்குமா’ எனக் கேட்கும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போதுதான், தாம் நன்கு அறிந்ததாக எண்ணியிருந்த பொருளில் இடைவெளி இருப்பதைப் பலர் காண்கின்றனர்.

இணையத்தில் களஞ்சியம்

கலைக்களஞ்சியமும் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கழகம் எண்ணியிராத அளவில் வாசகர் பெருகியுள்ளனர். இதில் ஓர் இடரும் உண்டு. நூலகத்தில் தொகுதியைக் கையில் எடுப்பவர் அதன் முகப்பில் ஆண்டைக் காண்கிறார். தாளின் நிறமும் அதனைச் சொல்லும். தேடலின் வழி நேரே ஒரு பதிவைத் திறப்பவருக்கு, 1954இன் செய்தியும் 1963இன் செய்தியும் இன்றைய செய்தியும் ஒன்றுபோலத் தோன்றும். பௌதிகம் என்னும் தலைப்பை அறியாதவர் இயற்பியல் எனத் தேடி, இல்லை என்று திரும்பவும் கூடும். பழைய தலைப்புக்கும் புதிய வழக்குக்கும் ஓர் இணைப்பட்டியல் அமைப்பது பெரும்பொருள் வேண்டாத பணி. தமிழ்த் துறையும் அறிவியல் துறைகளும் இணைந்தால் ஒரு கல்லூரியே செய்து முடிக்கலாம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கழகம் விட்ட இடத்திலுள்ள திருத்தப் பணியை வேறு வழியில் மேற்கொண்டது. அங்கு எப்பதிவும் எந்நாளிலும் திருத்தத்தக்கது. அகரவரிசை காலத்தை உறையவைக்கும் சிக்கல் அங்கு இல்லை. கழகத்திடம் இருந்து அங்குக் குறைவது, ஒவ்வொரு தலைப்புக்கும் அதனை அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்டு வாங்கும் அலுவலகம். ஆர்வலர் தாம் அறிந்ததை எழுதுகின்றனர். எவரும் எழுத முன்வராத தலைப்பு வெறுமையாக நிற்கிறது. கலைக்களஞ்சியத்தின் மேசையில் அத்தகைய வெறுமை ஒவ்வொன்றும் ஒருவருக்கு எழுதவேண்டிய கடிதமாயிற்று. புகளூர் பற்றி, அக்கல்வெட்டைத் தம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் விரிவுரையாளர் இரண்டு பக்கம் எழுத அரை நாள் போதும். அதனைக் கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்ப இன்று ஓர் அலுவலகம் இல்லை.